ஸ்கேல் வாசிக்கும் பிள்ளையை வாசிக்க விடுங்கள்



பாகூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. ஜூன் 21, இசை தினத்தன்று பாண்டியில் ஜாஸ் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு ஜாஸ் பியானோ ஆசை. சீட்டுப் பணத்தை எடுத்து கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருநாள் பஸ் ஏறி கிளாஸுக்குப் போகிறான். "ஆனா வீட்ல எப்பப் பாத்தாலும் அதே ஸ்கேலை ஏத்தி இறக்கி வாசிக்கிறான். ஒரு பாட்டு வரல. பணம் வீணாகுதோன்னு இருக்கு" என்கிறார்.

நியாயமான கவலைதான். வில்லியனூர் பக்கம் மாதா கோயில் பாடற்குழுவில் வாசிக்கட்டும் என்று பிள்ளையை கீபோர்டு கிளாஸில் சேர்த்த பெற்றோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். கஷ்டப்பட்டுக் கட்டும் பணத்துக்குப் பலன் எப்போது என்று கேட்பதில் தப்பில்லை.

என் பதில் இதுதான். பணம் வீணாகவில்லை. சரியான இடத்தில்தான் செலவாகிறது.

ஜாஸில் மெட்டும், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டும் மட்டும்தான் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். மிச்சத்தை வாசிப்பவர் மேடையில் அந்த நொடியே கற்பனையில் உருவாக்க வேண்டும். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுகிறார்களே, அதே வேலை. சரளி வரிசையும் அலங்காரமும் பாடிப் பழகாத பிள்ளையைக் கல்பனாஸ்வரம் பாடச் சொல்வோமா? ஜாஸுக்கு மட்டும் ஏன் அவசரம்?

ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பாருங்கள். சி மேஜர் ஸ்கேல், அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். வலது கையில் கட்டைவிரல் ஸ, ஆள்காட்டி விரல் ரி, நடுவிரல் க. அடுத்து ம-வுக்கு மோதிர விரல் போகக் கூடாது. கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து ம-வைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மேல் ஸ்தாயி ஸ-வரை விரல்கள் சரியாகப் போய்ச் சேரும். அந்த இடத்தில் தடுக்காமல், சத்தம் கூடாமல் குறையாமல் வர மாதக்கணக்கில் ஆகும். இடது கைக்கு வேறு கணக்கு. பிறகு இரண்டு கையும் சேர வேண்டும்.

இப்படி பன்னிரண்டு ஸ்கேல். அதன் பின் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று ஜாஸ் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் கார்டு வரிசை. அதையும் பன்னிரண்டு சுருதியிலும் பழக வேண்டும்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும். பாடுபவர் சுருதியை ஏற்றச் சொன்னால் அதைத் தட்டிவிட்டு, தெரிந்த சி ஸ்கேலிலேயே வாசித்துவிடலாம். பூசை நேரத்தில் கைகொடுக்கும், சரி. ஆனால் சாக்ஸபோன், டிரம்பெட்காரர்களுக்கு வசதியான பி ஃபிளாட், ஈ ஃபிளாட் சுருதிகளில்தான் நிறைய ஜாஸ் பாட்டுகள் இருக்கின்றன. நாளைக்கு எதிரே நிஜப் பியானோ இருந்தால் எந்த பட்டனைத் தட்டுவான்? பயிற்சி நேரத்தில் அந்த பட்டனும் வேண்டாம், தானே தாளம் போடும் ஆட்டோ ரிதமும் வேண்டாம்.

பெரியவர்களும் இந்த வழியில் வந்தவர்கள்தான். பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக வாசித்த பிறகே சென்னைக்கு வந்தார். வந்த பின்னும் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார்.

ஜாஸ் பியானோவின் மாமேதைகளில் ஒருவரான ஆஸ்கார் பீட்டர்சன், 1925-ல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயிலில் போர்ட்டர் வேலை. வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வசதியான குடும்பம் இல்லை. ஆனால் வீட்டில் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது மேல். போனில் இலவசமாகக் கிடைக்கும், சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை வைத்து, மெதுவான வேகத்தில் தவறில்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். வேகம் பின்னால் வரும். கூடத்தில் டிவி ஓடினால், அக்கா பரீட்சைக்குப் படித்தால், ஹெட்போன் போதும். விருந்தாளி வந்ததும் "ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு" என்று மட்டும் நிர்ப்பந்திக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கேல் மட்டுமே ஜாஸ் ஆகிவிடாது. அந்தத் தாளத்தின் ஸ்விங், கேட்டுக் கேட்டுத்தான் உடம்பில் ஏறும். கடைசி ஐந்து நிமிடம் அவனுக்குப் பிடித்த மெட்டைக் காதால் கேட்டு கட்டையில் தேடட்டும். வருடம் முழுக்க ஸ்கேலைத் தவிர எதுவுமே சொல்லித் தரவில்லை என்றால், ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாகூர்த் தாய்க்கும் அவரைப் போன்ற எல்லோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். பாட்டு எப்போது வரும் என்று இந்த ஒரு வருடம் கேட்காதீர்கள். "இன்னிக்கு எந்த ஸ்கேல்?" என்று கேளுங்கள். வாசிக்கச் சொல்லி, முழுசாக உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்