உதடு தைத்தாயிற்று, பல் ஏன் இப்படி?

மறைமலை நகரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"என் மகளுக்கு இரண்டே கால் வயது. பிறக்கும்போதே மேல் உதடும் அண்ணமும் பிளந்திருந்தது. நாலாம் மாதம் உதட்டையும், ஒரு வயது ஆனதும் அண்ணத்தையும் தைத்துவிட்டார்கள். இனிக் கவலையில்லை என்று இருந்தேன். இப்போது தழும்புக்கு நேரே, அண்ணத்துப் பக்கமாக ஒரு பல் சின்னதாய், கூராய் முளைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்துப் பல் திரும்பிக்கொண்டு, மஞ்சளாக நிற்கிறது. 'பால் பல்தானே, பிடுங்கிப் போடு'ன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. 'கிரகணத்தன்னிக்கு அருவாமணையில உட்கார்ந்தியே, இன்னும் என்னென்ன பாக்கணுமோ'ன்னு மாமியார் சொல்றாங்க. அவருக்கு ஒரகடத்தில் ஷிப்டு வேலை. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் நான் குழந்தைக்குப் பல்லே தேய்ப்பதில்லை. நான் என்னதான் செய்ய?"

முதலில் அந்தக் கிரகணத்தைத் தள்ளி வைப்போம், சகோதரி. கருவில் குழந்தையின் உதடு உருவாவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் சதை நடுவில் வந்து ஒட்டாமல் போனால் அதுதான் பிளவு. பல பெண்களுக்கு, தான் உண்டாகியிருப்பதே சரியாகத் தெரியாத நாட்கள் அவை. உலகம் முழுவதும் பார்த்தால் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணமே தெரியாத வருஷங்களிலும் பிறக்கிறது. பரம்பரைக் கூறும், வேறு பல காரணங்களும் சேர்ந்து வருவது இது. நீங்கள் காய் நறுக்கியதால் வந்ததில்லை. இதை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். அவரும் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்.

இனி பல் விஷயம்.

பல் ஏன் கோணுகிறது?

பிளவு உதட்டில் மட்டும் நிற்காமல் பல ஈறையும், அதற்கு அடியில் உள்ள எலும்பையும் பிளந்துகொண்டு போகும். முன்பல்லுக்கு அடுத்த பல்லின் முளை இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். ஆகவே அந்த ஒரு பல் பலவிதமாகப் படுத்தும். சில குழந்தைகளுக்கு அது முளைக்கவே முளைக்காது. சிலருக்கு ஒன்றுக்கு இரண்டாக வரும். சிலருக்கு உங்கள் மகளுக்கு வந்த மாதிரி கூராக, சின்னதாக, இடம் மாறி வரும். பிளவை ஒட்டிய முன்பல் போதுமான எலும்பு இல்லாததால் திரும்பி நிற்கும். அதன் மேற்பூச்சான எனாமல் சரியாகப் படியாமல் மஞ்சளாகவோ, வெள்ளைத் திட்டாகவோ தெரியும். மேல் தாடை குறுகி, மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே விழுவதும் உண்டு. அந்தப் பக்கத்துப் பல் மற்றக் குழந்தைகளைவிடத் தாமதமாக வந்தாலும் பயப்பட வேண்டாம்.

ஆக, ஆபரேஷன் செய்தவர் சரியாகச் செய்யவில்லை என்றோ, நீங்கள் பராமரிக்கவில்லை என்றோ பல் கோணவில்லை. முளை உண்டான நாளிலேயே அது அப்படித்தான்.

பிடுங்கிவிடலாமா?

அவசரப்படவே வேண்டாம். பால் பல்தான், விழப்போகிற பல்தான். ஆனால் பல் இருக்கிற வரைதான் அதைச் சுற்றியுள்ள எலும்பும் இருக்கும். பிளவின் ஓரத்தில் எலும்பு ஏற்கெனவே கொஞ்சம்தான். அதையும் இழந்தால் பின்னால் செய்ய வேண்டிய சிகிச்சை கடினமாகும். அந்தப் பல் பால் குடிக்கவோ சாப்பிடவோ இடைஞ்சல் செய்தால், ஆடிக்கொண்டிருந்தால், டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். அக்கம்பக்கம் முடிவு செய்ய வேண்டாம்.

எந்தெந்த வயதில் காட்டுவது?

எந்தக் குழந்தையானாலும் முதல் பல் வந்ததும், ஒரு வயதுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். உங்கள் மகளை இப்போதே அழைத்துப் போங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

தாய்மார்கள் பலர் தவற விடுவது ஏழு எட்டு வயதை. உதடு தைத்தாயிற்று, பேச்சும் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள் என்று மறந்துவிடுகிறோம். அப்போதுதான் எக்ஸ்ரே எடுத்து, நிலைப்பற்களில் எது உள்ளே இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பார்கள். ஈறு எலும்பில் பிளவு இருந்தால், பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைத்து நிரப்புவார்கள். கோரைப்பல் முளைத்து வருவதற்கு முன்பே, பொதுவாக எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள் இதைச் செய்வது நல்லது. அப்போது கோரைப்பல் புது எலும்பின் வழியாக இறங்கி வந்து நிலைக்கும். வயது கடந்தாலும் செய்யலாம், ஆனால் பலன் அவ்வளவாக இராது. கம்பி கட்டுவதும், இல்லாத பல்லுக்குப் பதில் பல் வைப்பதும் அதற்கப்புறம். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. ஆபரேஷன் புண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பல் தேய்த்தால் தையல் பிரியாது. தைரியமாகத் தேய்க்கலாம்.

2. குழந்தையின் தலையை மடியில் மல்லாக்க வைத்து, தலைமாட்டிலிருந்து குனிந்து தேய்த்தால் சுலபம். இடது விரலால் உதட்டை மெல்லத் தூக்கிப் பிடியுங்கள். தழும்புள்ள உதடு இறுக்கமாக இருக்கும், அதற்கு அடியில்தான் அழுக்கு தங்கும்.

3. மிருதுவான சின்ன பிரஷ். ஃப்ளோரைடு பேஸ்ட் மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. காலை ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை.

4. சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். எனாமல் குறைந்த பல்லில் சொத்தை சீக்கிரம் விழும். சொத்தையும் சீழும் உள்ள வாயில் எலும்பு வைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள்.

5. இனிப்பான சிரப் மருந்து கொடுத்தாலும், பிஸ்கட் கொடுத்தாலும் பின்னாலேயே ரெண்டு வாய் தண்ணீர்.

6. சாப்பாடோ பாலோ மூக்கு வழியாக வந்தால் அண்ணத்தில் சின்ன ஓட்டை இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

எங்கே போவது?

உங்கள் ஊரிலிருந்து தாம்பரம் பக்கம் இரண்டாவது ஸ்டேஷன் பொத்தேரி, அங்கே எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்னொரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னைக்குப் போக முடிந்தால், 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டிருக்கிறது; அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழுவிடம் குழந்தையைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கே போனாலும் பழைய ஆபரேஷன் சீட்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குழந்தைகள் பல் டாக்டர், கம்பி கட்டும் டாக்டர், ஆபரேஷன் டாக்டர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லோரும் பேசி வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொன்று. வீட்டில் யாரும் "மூளி", "கோணப்பல்" என்று செல்லமாகக்கூடக் கூப்பிடக் கூடாது. இரண்டே கால் வயதுக்கு எல்லாம் புரியும். உங்கள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கிற நாளில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் வாருங்கள். டாக்டர் வாயால் கேட்டால் அவர் மனசும் ஆறும். போய் வந்த பின் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.