பாலுக்குக் கணக்கு உண்டு, பிணத்துக்குக் கணக்கு எங்கே?

தோட்டத் தொழிலாளிக்கு வம்சாவளி எதற்கு என்று கேட்கும் கனவான்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பாட்டன் பெயரும் புதைத்த இடமும் தெரிந்து என்ன ஆகப் போகிறது, பால் கூடுதலாக இறங்குமா என்று கேலி பேசுகிறார்கள். தோழர்களே, இந்தக் கேள்வியை வெள்ளைக்காரத் துரைமார்களின் பேரப்பிள்ளைகளிடம் எவரும் கேட்பதில்லை! 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று துரைமார்கள் பத்து காஜா இடுகாட்டில் பெயர் பொறித்த கல்லின் கீழ் உறங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஜூனில் அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. செத்தவருக்குச் செய்யும் மரியாதையை நாம் குறை கூறவில்லை. காட்டை அழித்து மரம் நட்டு, மலைக்காய்ச்சலில் மாண்ட நம் பாட்டன் எங்கே கிடக்கிறான் என்றுதான் கேட்கிறோம். லாலாங் புல்லுக்குள்ளே! செம்பனை வேருக்கு அடியிலே!

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டார்கள். அதற்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று எழுதினார்கள். மனிதனை எண்ணாக்கிய அக்கிரமம்தான் அது. என்றாலும் இன்று டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தன் பூட்டனின் கிராமத்துக்கே போய்ச் சேர முடிகிறது. மொரிஷியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் கூலிகளின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன.

நமக்கு வாய்த்தவனோ கங்காணி! 1938இல் இந்திய சர்க்கார் தடை போடும் வரை, நாகப்பட்டினத்து டிப்போவிலும் ஆவடி டிப்போவிலும் அடைத்து, கப்பலேற்றி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறக்கினார்கள். எத்தனை தலைகள் இறங்கின என்பது ஆண்டறிக்கைகளில் உண்டு. யார் இறங்கினார்கள் என்பது பெரும்பாலும் தோட்டத்துச் செக்ரோலில்தான் உண்டு. அதிலும் முனியாண்டியைக் கிராணியார் ஒரு மாதம் ஒரு விதமாகவும் மறுமாதம் வேறு விதமாகவும் இங்கிலீஷில் எழுதிவைத்தார். (இன்றைய கிராணிமார்கள் கோபிக்க வேண்டாம்!) ஒரே டிவிஷனில் நாலு முனியாண்டி இருந்தால் பெயர் மட்டும் போதாது. கங்காணி பெயர், மனைவி பெயர், டிவிஷன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவான்.

சயாம் ரயிலை மறந்துவிட்டோமா? 1942, 1943 ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் பாதைக்காக நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,982 போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் நிற்கிறது. நம்மவருக்குத் தனித்தனிக் குழியும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. சண்டைக்கு முந்தைய செக்ரோலையும் பிந்தைய செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காணாமற்போன பெயர்களைக் குறித்தால் அதுதான் பட்டியல். எஞ்சியிருக்கும் தோட்டங்களிலாவது அதைச் செய்ய வேண்டாமா?

இது செத்தவர் விவகாரம் மட்டுமல்ல. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்நாட்டில் பிறந்தவர், இங்கே பிறந்தார் என்ற ஒரே காரணத்தாலேயே குடிமகன் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதற்குப் பின் பிறந்தவரிடம் தாய் தகப்பனின் நிலையைக் கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட பிள்ளைக்குச் சாட்சி எது? தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவப் புத்தகத்தில் டிரெஸ்ஸர் எழுதிய ஒரு வரி! அந்தப் புத்தகம் கரையான் தின்று போனால், இரண்டு தலைமுறை சிவப்பு அடையாளக் கார்டோடு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான்.

1950களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு வீடமைப்பும் கோல்ப் திடலும் வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மரத்தை எண்ணினார்கள், ஏக்கரை அளந்தார்கள், புகைக்கூடத்துக்கு விலை போட்டார்கள். சுடுகாட்டை யார் அளந்தது? திருவிழாப் பந்தலுக்கு வீடு வீடாக வசூல் செய்யும் கமிட்டிகளும் இதற்கு வாய் திறப்பதில்லை.

நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. தோட்டம் விற்கப்படும்போது சுடுகாட்டை அளந்து, தனி நிலமாக ஒதுக்கி, பத்திரத்தில் எழுத வேண்டும். பழைய செக்ரோல்களும் பிரசவ, மரணப் புத்தகங்களும் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தார் கேட்டால் காட்ட வேண்டும்.

அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் தோட்டத்திலுள்ள மூத்த பாட்டிமார்களைச் சுடுகாட்டுக்கு அழைத்துப்போய், எந்த மேட்டில் யார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். கல்லில் எழுத்து மங்கியிருந்தால் ஈரத் துணியால் துடைத்து, சாய்வெயிலில் படம் எடுங்கள். சுண்ணாம்பு பூசி எழுத்தை மறைத்துவிடாதீர்கள். கிராணிமார்களே, ஸ்டோரைக் காலி செய்து பழைய புத்தகங்களை எரித்துவிடு என்று மேலிடம் சொன்னால், அந்த உத்தரவைக் கையெழுத்தோடு எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை தீக்குச்சியைத் தொடாதீர்கள்.