வெள்ளைப்படுதலும் 'சுத்தம்' என்ற சொல்லும்

நம் மேடைகளில் தலித் பெண்ணின் உடம்பு பேசப்படுகிறது, வன்கொடுமை நடந்தால் மட்டும். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு ராத்திரி அரிப்பில் தூக்கமில்லாமல் புரளுகிற உடம்பைப் பற்றி யார் துண்டறிக்கை போடுகிறோம்? "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண் தோழர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெண்கள் நாங்களும் வாய்திறப்பதில்லை.

வெள்ளைப்படுதல் என்று ஒரே பேரில் சொன்னாலும் அது பலது. மாதத்தின் நடுவில் வழுவழுவென்று கொஞ்சம் படுவது நோயே இல்லை. எலும்பு உருகிப் போகுதுன்னு சொல்றது பொய். தயிர்த் திப்பி மாதிரி கெட்டியாகப் பட்டு, அரிப்பும் எரிச்சலும் இருந்தால் பெரும்பாலும் அது கேண்டிடா என்கிற பூஞ்சை. 4 பெண்களில் 3 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது. மீன் வாடை அடித்தாலோ, மஞ்சளும் பச்சையுமாக நுரைத்துப் பட்டாலோ அது வேறு, மருந்தும் வேறு.

ஆனால் ஆஸ்பத்திரியில் நம் பெண்களுக்கு மருந்துக்கு முன்னால் கிடைப்பது ஒரு ஏச்சு: "சுத்தமா இருக்கக் கூடாதா?" இதைத்தான் நான் மறுக்கிறேன். நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய அதே சொல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது. விஞ்ஞானம் சொல்வது வேறு. இந்தப் பூஞ்சை அழுக்கில் பிறப்பதல்ல; பல பெண்களின் உடம்பில் சும்மா குடியிருப்பது. யோனியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் மாத்திரை அவற்றைக் கொல்லும்போதும், கர்ப்ப காலத்திலும், சர்க்கரை கட்டுக்கு அடங்காதபோதும் பூஞ்சை பெருகிவிடுகிறது. ஏச்சுக்குப் பயந்து சோப்பும் டெட்டாலும் விட்டு உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும். வெளியே வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

மருத்துவம் பெரிய காரியமில்லை. டாக்டர் பார்த்துக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு மாத்திரை பெரும்பாலும் போதும். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. உள்ளே வைக்கிற க்ளோட்ரிமசோல் மாத்திரை ஒரு வாரம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வெள்ளைப்படுதலுக்கென்றே பச்சை நிற மருந்துப் பொட்டலம் இருக்கிறது, இலவசம். கேட்டு வாங்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் நீட்டுகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கணும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

1928இல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். பெண் உடம்பு இயக்கத்துக்குப் புதுசு இல்லை, நாம்தான் மறந்துபோனோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறைப்புத் திரையும் பெண் டாக்டரும் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தண்ணீர் வருகிற கழிப்பறையும், உள்ளாடையை வெயிலில் உலர்த்த இடமும் வேண்டும். இவற்றை அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள். வாசிக்கும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள்.