ஆட்குறைப்பு அறிவித்தால் ஷேர் ஏறுமா, இறங்குமா? திருச்சிக்குப் பழக்கமான 2 கம்பெனிகள் சொல்லும் பாடம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளோ, தில்லை நகரோ, திருச்சியில் ஐடி வேலையில் பிள்ளைகள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். பையன் வேலை பார்க்கும் கம்பெனியின் ஷேரை அப்பா வாங்கி வைத்திருப்பதும் சகஜம்தான். அப்படிப்பட்ட வீடுகளில் 'ஆட்குறைப்பு' என்று செய்தி வந்தாலே இரண்டு கேள்விகள் எழும். வேலை இருக்குமா? ஷேர் என்னாகும்?

ஃப்ரெஷ்வொர்க்ஸில் என்ன நடந்தது?

திருச்சியில் வளர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய கம்பெனி இது. 2021 செப்டம்பர் 22-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. 36 டாலருக்கு விற்கப்பட்ட ஷேர், முதல் நாள் 47 டாலரைத் தாண்டி முடிந்தது. இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆனால், அது கையில் பணமாக இல்லை, ஷேராக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே விலை 36 டாலருக்குக் கீழே போய்விட்டது.

2024 நவம்பர் 6-ல், ஊழியர்களில் 13 சதவீதம், அதாவது சுமார் 660 பேரைக் குறைப்பதாக கம்பெனி அறிவித்தது. மறுநாள் ஷேர் 25 சதவீதத்துக்கும் மேல் எகிறியது.

அதெப்படி?

அன்று வந்தது ஒரு செய்தி அல்ல. அந்தக் காலாண்டில் வருமானம் 22 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆண்டு வருமானக் கணிப்பையும் கம்பெனி கூட்டியது. கூடவே 40 கோடி டாலருக்கு 'பைபேக்' அறிவிப்பும் வந்தது.

பைபேக் என்றால், கம்பெனி தன் ஷேரைத் தானே சந்தையில் வாங்குவது. 100 ரூபாய் லாபத்தை 10 ஷேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 10 ரூபாய். ஷேர் 8 ஆகக் குறைந்தால் 12.50 ரூபாய். அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, பெயர் சொல்லாமல் இதைப் பேராசை என்று கடுமையாக விமர்சித்தார். கையில் 100 கோடி டாலர் இருக்கும்போது, ஷேரை வாங்கப் பணம் உண்டு, ஊழியர்களுக்கு இல்லையா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

டிசிஎஸ்ஸில் ஏன் இறங்கியது?

டிசிஎஸ் தலைவர் என்.சந்திரசேகரன், இன்றைய திருச்சி என்ஐடி ஆர்இசி-யாக இருந்த காலத்தில் அங்கே எம்சிஏ படித்தவர். 2025 ஜூலை இறுதியில் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக டிசிஎஸ் அறிவித்தது. அடுத்த வர்த்தக நாளில் ஷேர் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

காரணம், அதற்கு முந்தைய சூழல். நாணய மதிப்பு மாற்றத்தை நீக்கிப் பார்த்தால், ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வருமானம் முந்தைய ஆண்டைவிட 3.1 சதவீதம் குறைந்திருந்தது. வளரும் கம்பெனி ஆள் குறைத்தால் 'செலவு மிச்சம்' என்கிறது சந்தை. வருமானம் சுருங்கும்போது குறைத்தால் 'ஆர்டர் இல்லையோ' என்று பயப்படுகிறது.

முதலீட்டாளர் என்ன பார்க்க வேண்டும்?

* ஆட்குறைப்பு செய்தியோடு வருமானம் ஏறியதா, இறங்கியதா என்று பாருங்கள்.
* அடுத்த காலாண்டுக்கு கம்பெனி என்ன சொல்கிறது என்று படியுங்கள். சந்தை நேற்றைய லாபத்தைவிட நாளைய கணிப்புக்குத்தான் விலை போடும்.
* வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் 'டிப்ஸ்' வேண்டாம். என்எஸ்இ, பிஎஸ்இ இணையதளங்களில் கம்பெனியே தாக்கல் செய்யும் அறிவிப்பு இலவசமாகக் கிடைக்கும்.

வீட்டுக்கு ஒரு கணக்கு

ஒரே குடும்பத்தின் சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஆட்குறைப்பு நாளில் ஷேரும் இறங்கினால் அடி இரண்டு பக்கமும் விழும். ஏறினாலும், வேலை போனவருக்கு மாதச் சம்பளம் திரும்ப வராது. கம்பெனி கொடுத்த ஷேர் கைக்கு வந்ததும், அதில் ஒரு பகுதியை விற்று வேறு இடத்தில் போட்டு வைக்கலாமா என்று செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது.