ஒரு சின்னப் பொட்டலம்தான் தம்பி

எங்க சொந்தத்துல இப்ப எனக்குப் பேரு "திமிர் பிடிச்சவன்". நான் பண்ணின குத்தம் இதுதான்: போன மாசம் துபாய் கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டேன்.

ஆபீஸ் வேலையா மூணு வாரம். டிக்கெட்ல 30 கிலோ. என் துணி, ஷூ எல்லாம் சேர்த்தே 14 கிலோ தாண்டலை. மிச்சம் இருக்கற விஷயம் எப்படியோ தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. (அம்மாதான். வேற யாரு?) பெரியம்மா வீட்டு மாடியில குடியிருக்கற அக்கா வந்தாங்க. ஷார்ஜால இருக்கற பையனுக்கு "ஒரு சின்னப் பொட்டலம்தான் தம்பி". தூக்கினா நாலு கிலோ. சுத்திச் சுத்தி பழுப்பு டேப். "பிரிச்சுடாதப்பா, திரும்பக் கட்ட முடியாது."

பிரிச்சேன். மேல முறுக்கு, நடுவுல பருப்புப் பொடி, அடியில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய கசகசா. மருமக குருமா வைக்கறதுக்காம்.

நம்ம மளிகைக் கடையில கேட்டா எடுத்துக் கொடுக்கற சாமான்தான். ஆனா அது அபின் செடியோட விதை மக்களே! அமீரகத்துல தடை, சவூதில தடை, சிங்கப்பூருக்கும் கொண்டு போகக் கூடாது. அந்த அக்காவுக்கு இது தெரியாது. துளிகூட தப்பான எண்ணம் கிடையாது. எனக்கு வயித்தைக் கலக்கினதே அதனாலதான். திருட்டு முழி முழிக்கறவன் கொடுத்தா நாமளே உஷாராயிடுவோம். முறுக்கு சுட்டுக் கொடுக்கற அக்கா மேல எங்கேர்ந்து சந்தேகம் வரும்?

"சொந்தபந்தத்தை நம்பலைன்னா எப்படிடா?"ன்னு சித்தப்பா எகிறினார்.

சித்தப்பா, 2019ல மும்பைலேர்ந்து ஒரு இளம் தம்பதி கத்தார் போனாங்க. டூர் செலவு மொத்தமும் கணவரோட அத்தை. கூடவே "புகையிலை"ன்னு சொல்லி ஒரு பொட்டலம். தோஹா ஏர்போர்ட்ல பிரிச்சா நாலு கிலோ ஹஷீஷ். ரெண்டு பேருக்கும் பத்து வருஷம் தண்டனை. அந்தப் பொண்ணு அப்ப கர்ப்பம், குழந்தை ஜெயில்லயே பொறந்தது. அவங்க ஏமாத்தப்பட்டவங்கன்னு இங்க விசாரிச்சுக் கண்டுபிடிச்சு, 2021லதான் வெளிய வந்தாங்க. அதுவும் சொந்தபந்தம்தான்.

செக்-இன் கவுண்டர்ல கேக்கறாங்களே, "பெட்டியை நீங்களே பேக் பண்ணீங்களா, யாராவது ஏதாவது கொடுத்தாங்களா"ன்னு. கூசாம பொய் சொல்றோம். பெட்டியில ஒட்டற டேக்ல அக்கா பேரா இருக்கு? நம்ம பேருதான். பொட்டி தட்டற சக பதிவர்களைக் கேக்கறேன்: மாமா பையன் அனுப்பின கோடுங்கறதுக்காக ஒரு வரிகூடப் படிக்காம உங்க பேர்ல புரொடக்‌ஷன்ல ஏத்துவீங்களா?

மாத்திரைன்னா இன்னும் வம்பு. டிரமடால் மாதிரி வலி மாத்திரை அமீரகத்துல கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. முதுகுவலிக்கு எழுதிக் கொடுத்ததுன்னாலும் அனுமதியும் சீட்டும் வேணும், அதுவும் சாப்பிடறவர் பேர்ல. கொண்டு போறவன் பேர்ல சீட்டு எங்கேர்ந்து வரும்? சிலர் துணிக்கு நடுவுல பவர் பேங்க்கைச் சொருகிக் கட்டறாங்க. லித்தியம் பேட்டரி, தீப்பிடிக்கும்னுதான் அதைச் செக்-இன் பெட்டியில போடவே விடறதில்லை.

நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை. முதல் தடவை வெளிநாடு போனப்ப அம்மா கொடுத்த பருப்புப் பொடியிலதான் ரெண்டு மாசம் ஓட்டினேன். கொண்டு போறேன், தாராளமா. ஆனா திறந்த பையா கொடுங்க, என் கண் முன்னாடி எடுத்து வைங்க, டேப்பை நான் ஒட்டறேன். இதுல என்ன அவமானம்? எனக்கு வேண்டாததை வெளிய வெச்சா கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவைக்கு 24 இன்ச் பெட்டிதான் வாங்கப் போறேன். 28 இன்ச்சைக் கூடத்துல பாத்தாலே ஜனங்களுக்கு அதுல ஒரு மூலை தனக்குன்னு தோணிடுது.

பி.கு: முறுக்கும் பொடியும் பத்திரமா ஷார்ஜா போய்ச் சேர்ந்துடுச்சு. ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் எங்க வீட்டு சமையலறையிலதான் இருக்கு. திருப்பிக் கொடுக்க ரெண்டு தடவை போனேன், அக்கா கதவைத் திறக்கலை.