பாமசி நேர்முகத்துக்கு என்னத்தைப் படிக்கிறது?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு சித்தியின் மகள் போன் எடுத்தாள். அடுத்த நாள் காலை ஒரு பாமசியில் அவளுக்கு நேர்முகம். உயர்தரத்தில் பயோ செய்தவள், பிறகு ஆறு மாத கோர்ஸ் ஒன்றும் முடித்தவள். "அக்கா, கோர்ஸில தந்த நோட்ஸ் முழுக்கப் பாடமாக்கிட்டன். ஒருக்காக் கேள்வி கேளுங்கோ" என்று சொல்லி வட்ஸ்அப்பில் இரண்டு பக்கம் அனுப்பினாள்.

முதல் பக்கத்தில் உங்களுக்கும் பழக்கமான கேள்விகள்தான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன? ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்? பலவீனத்துக்குத் தயார் செய்து தந்திருந்த விடை: "எல்லா வேலையையும் பிழையில்லாமல் செய்ய நினைப்பதால் எனக்குக் கொஞ்சம் நேரம் கூட எடுக்கும்." இரண்டாவது பக்கம் இணையத்தில் இருந்து எடுத்து மொழிபெயர்த்தது. அமெரிக்காவில் பாமசி டெக்னீசியன் வேலைக்குக் கேட்கிற கேள்விகள். நோயாளியின் காப்புறுதி நிறுவனம் கொடுப்பனவை நிராகரித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. எங்கட ஊர் பாமசிக்கு எந்தக் காப்புறுதி நிறுவனம் வருது? அம்மம்மாமார் முந்தானையில் முடிஞ்ச காசைக் கொண்டுவந்து, "தம்பி, இதுக்கு எத்தினை குளிசை வரும்?" என்று கேட்கிற இடம் அது.

இரண்டு பக்கத்திலும் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை.

எனக்கு வந்த கோபம் அவள் மீது இல்லை. காசு வாங்கிக்கொண்டு இதைப் படிப்பித்தவர்கள் மீதும், இதையே நேர்முகம் என்று நடத்துகிற முதலாளிமார் மீதும்தான். நானும் இந்த வழியால் வந்தவள்.

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு நானும் ஒரு பாமசிக்கு நேர்முகத்துக்குப் போனேன். எங்கே என்று சொல்லப் போவதில்லை. பத்து நிமிடமும் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். வீடு எங்கே, பின்னேரம் எட்டு மணி வரை நிற்க ஏலுமோ, வீட்டில் கலியாணம் பேசுகினமோ என்று கேட்டார்கள். கடைசியாக, "சனத்தோட சிரிச்சுக் கதைப்பீங்களோ?" ஓம் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. மருந்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அது நல்ல அதிர்ஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்றாம் நாளே கவுண்டரில் தனியே நின்றேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மருந்தாளர் ஒருவரின் சான்றிதழ் தொங்கியது. அந்த மனிசனை நான் வேலை செய்த எட்டு மாதத்தில் இரண்டு தரம் கண்டிருப்பேன்.

இரண்டாம் மாதம் ஒரு தாய் காய்ச்சல்கார மகனோடு வந்தா. துண்டில் டொக்டர் பரசிற்றமோல் பாணி எழுதியிருந்தார்: 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கிற பாணி, ஒரு தரத்துக்கு 7.5 மில்லிலீற்றர். நான் எடுத்துக் கொடுத்தது 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் இருக்கிற போத்தல். அதே கொம்பனி, அதே நிறப் பெட்டி. பிள்ளையின் நிறை 12 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் ஒரு தரத்துக்கு 180 மில்லிகிராம், டொக்டரின் கணக்குச் சரி. நான் கொடுத்த போத்தலில் அதே 7.5 மில்லிலீற்றரை ஊற்றினால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு ஆறு மணித்தியாலத்துக்கும் அப்படியே போயிருந்தால்?

அரை மணித்தியாலம் கழித்து ராக்கையை அடுக்கும்போதுதான் பிடிபட்டது. துண்டின் பின்பக்கத்தில் போன் நம்பர் இருந்தபடியால் தப்பினேன். தாய் பஸ்ஸில் இருந்தா, போத்தலை இன்னும் உடைக்கவில்லை. முதலாளியிடம் சொன்னபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "ஆருக்கும் சொல்லாதேங்கோ."

சொல்கிறேன். ஏனென்றால் இது என்னுடைய கவனயீனம் மட்டும் இல்லை. என்னிடம் ஒருவரும் கேட்காமல் விட்ட கேள்வியின் விளைவும் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இயங்குகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாமசி நடத்த முடியாது. பதிவு செய்த மருந்தாளரின் மேற்பார்வையில்தான் மருந்து கைமாற வேண்டும். அசிஸ்டன்ட் என்றும் டெக்னீசியன் என்றும் எங்களுக்கு வைக்கிற பெயர் அந்த மருந்தாளரின் இடத்தை நிரப்பாது. அவருக்கு உதவியாக நிற்கத்தான் நாங்கள். சட்டத்தில் அவர் இருக்கிறார், சுவரில் அவருடைய சான்றிதழ் இருக்கிறது, கவுண்டரில் இருபது வயதுப் பெட்டை ஒருத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பிழை நடந்தால் பழி அவளுக்கு.

அதனால் அன்றிரவு தங்கச்சிக்குச் சொன்னேன்: அந்த இரண்டு பக்கத்தையும் தூக்கி வை. நான் சொல்லுறதை எழுது.

முதலாவது, துண்டு வாசிக்கப் பழகு. மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு, பி.டி. இரண்டு வேளை, ரி.டி.எஸ். மூன்று வேளை. எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்காதே, டொக்டருக்குப் போன் எடு. "விளங்காட்டி என்ன செய்வீங்கள்?" என்று நேர்முகத்தில் கேட்டால் இதுதான் விடை.

இரண்டாவது, ஒரே மாதிரிக் கேட்கிற பெயர்கள். கார்பமசெபின் வலிப்புக்கு, கார்பிமசோல் தைரொயிட்டுக்கு. மெற்போமின் சீனி வருத்தத்துக்கு, மெற்றோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. ராக்கையில் இவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லிக் கேள்.

மூன்றாவது, மெதோரெக்சேற். மூட்டுவாதக்காரருக்குக் கிழமைக்கு ஒருக்கா எழுதுகிற மருந்து. நாளுக்கு ஒன்று என்று கவரில் எழுதிக் கொடுத்தால் ஆளைக் கொல்லும். எந்தக் கிழமை நாள் என்பதைக் கவரில் எழுது, வாயாலும் சொல்லு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள்.

நான்காவது, குளிர்சாதனப் பெட்டி. இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்டில் வாழ்கிறோம். "கரண்ட் போனா இன்சுலினை என்ன செய்வியள்?" என்பது ஆறு மாத கோர்ஸ் முழுவதையும் விடப் பெறுமதியான கேள்வி. அதோடு, முதலில் காலாவதியாகிறதை முன்னுக்கு அடுக்கு.

கணக்கு ஐந்தாவது. மேலே சொன்ன பாணிக் கணக்கைப் பேப்பரில் பத்துத் தரம் செய். கல்குலேற்றர் இல்லாமலும் செய்.

இப்ப இங்கிலிஷுக்கு வருவம். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியில் இருக்கிறது ஆங்கிலம், துண்டில் இருக்கிறதும் ஆங்கிலம், வாசிக்கத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு பாமசிக்காரி நாள் முழுக்கச் செய்கிற வேலை, அந்த ஆங்கிலத்தை ஒரு அம்மம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்கிறது. "சாப்பாட்டோட போடுங்கோ, வெறும் வயித்தில போடாதேங்கோ. தலை சுத்தினா உடன எழும்பாதேங்கோ." சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்தால் அவருக்கும் அதே நாலு வசனம் தெரிந்திருக்க வேண்டும். நேர்முகத்தில் இதைச் சோதிக்கிற முதலாளியை நான் இன்னும் காணவில்லை. "மை நேம் இஸ்" என்று தொடங்கி ஒப்புவிக்கிறதைத்தான் கேட்கினம்.

இன்னொரு கேள்வி இப்போது புதிதாக வந்திருக்கிறது: "சேல்ஸ் கூட்டத் தெரியுமோ?" ஒரு நாளும் "ஓம், விலை கூடினதைத் தள்ளி விடுவன்" என்று பெருமையாகச் சொல்லாதே. இந்த நாட்டில் சேனக பிபிலே என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர். கொம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் எழுத வேண்டும், தேவையான மருந்து தாங்கக்கூடிய விலையில் சனத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று நின்றவர். 1977இல் கயானாவில் இறந்தார். வெளிநாடுகளிலும் அவர் பெயரைச் சொல்கிறார்கள், எங்கட கோர்ஸ் நோட்ஸில் அவர் இல்லை. ஒரே மருந்து குறைந்த விலையில் இருந்தால் அதை ஆளுக்குச் சொல்கிறது உன் வேலையின் ஒரு பகுதி.

மறுக்கிறதுக்கும் தயாராக வேண்டும். பிரகபலின் நரம்பு நோவுக்கு எழுதுகிற நல்ல மருந்து. அதைப் போதைக்குத் தேடுகிற பெடியள் இருக்கினம் என்பது எங்களில் ஒருவருக்கும் புதிய செய்தி இல்லை. துண்டு இல்லாமல் வருவான். உன்னோடு படித்தவனாகவும் இருப்பான். "அக்கா, ரெண்டே ரெண்டு காட்" என்பான். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல உனக்குத் தெரிய வேண்டும், அதைவிட முக்கியம், "குடுத்து விடு" என்று முதலாளி சொன்னாலும் அதையே சொல்லத் தெரிய வேண்டும். மூன்று நாளைக்கு மட்டும் அன்ரிபயோற்றிக் கேட்டு வருகிறவருக்கும் அதே விடை. நேர்முகத்தில் "வாடிக்கையாளர் கோபப்பட்டால்?" என்று கேட்பார்கள். கோபப்பட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லு. அதுக்காக வேலை தராத கடையில் பிறகு எப்படி நிற்கப் போகிறாய்?

கடைசியாக, நீயும் கேள். நேர்முகம் என்றால் அவர்கள் கேட்க நாங்கள் தலையாட்டுகிறது என்று ஆர் சொன்னது? மருந்தாளர் எந்த நேரம் கடையில் நிற்பார்? அவர் இல்லாத நேரம் நான் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது? பிழை நடந்தால் எழுதி வைக்கிற புத்தகம் இருக்கோ? நியமனக் கடிதம் எப்ப தருவீங்கள்? ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதுக்கு மேல் நின்றால் மேலதிகக் கொடுப்பனவு. 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக ஆக்கப்பட்டது. "முதல் மூன்று மாதம் பழகுறதுக்கு, சம்பளம் இல்லை" என்று சொல்கிற கடைக்கு இதை நினைவுபடுத்து. கலியாணம் எப்ப என்று கேட்டால், அது வேலைக்கு எப்படித் தேவை என்று மரியாதையாகத் திருப்பிக் கேள்.

எனக்குத் தெரியும், இதை வாசிக்கும்போதே சிலர் சொல்லப் போகிறார்கள்: "வேலை இல்லாத ஊரில வாற வேலையையும் கெடுக்கிற கதை." நியாயமான பயம்தான். என் வீட்டிலும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். எல்லாக் கேள்வியையும் எல்லாராலும் கேட்க ஏலாது. அப்படியென்றால் ஒன்றை மட்டும் கேளுங்கோ, மருந்தாளர் எப்ப நிற்பார் என்று. வேறு வழியில்லாமல் சேர்ந்தாலும் எந்த மாதிரிக் கடைக்குள் போகிறோம் என்று தெரிந்து போவீர்கள்.

முதலாளிமாருக்கும் ஒரு கதை இருக்கிறது. "மருந்தாளர் கிடைக்கினம் இல்லை. கடையைப் பூட்டினா சனம் எங்க போகும்?" ஊர்ப்பக்கத்தில் அது பொய்யில்லை. ஆனால் ஆள் கிடைக்காத கடைதான் வருகிற அசிஸ்டன்டை இன்னும் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டும், இன்னும் கூடப் பழக்க வேண்டும். நீங்கள் செய்கிறது அதுக்கு நேர் எதிர். சான்றிதழை மாட்டிவிட்டு, சிரிக்கத் தெரிந்த, கேள்வி கேட்காத, குறைந்த சம்பளத்துக்கு வருகிற பிள்ளையைத் தேடுகிறீர்கள். ஆள் இல்லாதது உங்கள் பிழை இல்லை. கேள்வி கேட்காத ஆளைத் தேடுகிறது உங்கள் பிழை.

தங்கச்சி அடுத்த நாள் போனாள். பாணிக் கணக்கை ஒருவரும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள், மருந்தாளர் எத்தினை மணிக்கு வருவார் என்று. முதலாளி கொஞ்சநேரம் அவளைப் பார்த்துவிட்டு, "அறிவிக்கிறம், போங்கோ" என்றாராம். இன்று வரை அறிவிக்கவில்லை.

சித்திக்கு என் மேல் கோபம். "நீ சொல்லிக் குடுத்துத்தான் பிள்ளைக்கு வேலை இல்லாமல் போச்சு" என்கிறா. இருக்கட்டும். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு இன்னொரு கடையில் நேர்முகம். நேற்று இரவு போனில் கேட்டாள்: "அக்கா, இருபது கிலோப் பிள்ளைக்கு 250 பாணியில எத்தினை மில்லி?"

நீங்களும் செய்து பாருங்கோ. விடை 6.