குடியை விடுவதற்கும் முறை உண்டு

குடியை விடுங்கள் என்று சொல்லாத மேடை நம் நாட்டில் இல்லை. அதை எவ்வாறு விடுவது என்று எடுத்துச் சொல்லும் மேடையோ மிக அரிது. பல்லாண்டுகளாக நாள் தவறாமல் மிகுதியாகக் குடித்து வந்த ஒருவர், வைத்தியரின் துணையின்றி ஒரே நாளில் அதை அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியக் கூடும். வைத்திய உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மை இது. ஆயினும் நம் நெசவாளர் வீதிகளிலும் உழவர் குடியிருப்புகளிலும் இதை அறிந்தோர் மிகச் சிலரே. ஆகவே இதனைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

மது, மூளையின் விரைவைத் தணிக்கும் பொருள். நாள்தோறும் அது உட்செல்லும்போது மூளையும் அதற்கு ஈடாகத் தன் விரைவைக் கூட்டிக்கொண்டு ஒரு சமநிலையில் நிற்கிறது. வண்டியில் முன்பாரமும் பின்பாரமும் ஒத்து நிற்கையில் ஒன்றை மட்டும் சட்டென்று இறக்கினால் வண்டி குடைசாய்கிறதல்லவா? மது திடீரென நின்றதும் மூளைக்கு நேர்வது அதுவே. தணிக்கும் பொருள் போய்விட, கூட்டி வைத்த விரைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

இதன் விளைவுகள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் 48 மணி நேரத்திற்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, நூற்றில் ஐந்து பேர் அளவினருக்கு அறிவு தடுமாறுகிறது. இடமும் நாளும் தெரிவதில்லை. இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்வதாகத் தோன்றுகின்றன. காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறுகின்றன. வைத்தியர்கள் இதனை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பர். தக்க வைத்தியம் இல்லாத நாட்களில் இந்நிலையை அடைந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் வரை மாண்டனர். இன்று உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைக்கின்றனர். சாவுக்கும் பிழைப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு சில மாத்திரைகளும் சில நாள் கவனிப்புமே என்பதை நம் அன்பர்கள் உணர வேண்டும்.

காலையில் அறுந்த இழையைப் பிணைக்கக் கை நிற்காமல், ஒரு வாய் குடித்த பின்னரே தறியில் அமரும் நெசவாளர்களை நாம் அறிவோம். அவர்கள் இன்பத்திற்காகக் குடிப்பதாக ஊர் எண்ணுகிறது. உண்மையில் அந்தக் காலைக் குடி, நடுக்கத்துக்கு அவர்களே இட்டுக்கொள்ளும் மருந்து. அவ்வாறு காலை நடுக்கம் உள்ளவரும், முன்னொரு முறை நிறுத்தியபோது வலிப்புக் கண்டவரும் தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. முதலில் வைத்தியரைக் காண வேண்டும்.

நிற்க. நம் பக்கத்தில் குடி திடீரென நிற்கும் வேளைகள் எவை? கார்த்திகை முதல் நாள் மாலை அணிவோர் பலர் அன்றே குடியை நிறுத்துகின்றனர். கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வோரும் அவ்வாறே. அவர்களது மனவுறுதி வணக்கத்திற்குரியது. ஆனால் மூன்றாம் நாள் அவர் பிதற்றத் தொடங்கினால் அதைத் தெய்வக் குற்றம் என்றோ பேயின் சேட்டை என்றோ கொண்டு, கட்டிப்போட்டு வேப்பிலை அடிப்பது பெருந்தவறு. மாலை அணிவதற்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரைக் கண்டு வந்தால் விரதமும் நிறைவேறும், உயிரும் நிலைக்கும்.

கால் முறிந்தோ வேறு நோய்க்காகவோ ஆஸ்பத்திரியில் சேர்வோருக்கும் இந்த ஆபத்து உண்டு. அங்கே மது கிடைப்பதில்லையாதலால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வந்துவிடுகின்றன. வீட்டார் மானத்திற்கு அஞ்சி, குடிப்பழக்கம் இல்லை என்று வைத்தியரிடம் சொல்லிவிடுவதுண்டு. வைத்தியரிடம் மறைக்கும் மானம் உயிரை வாங்கும் மானம் என்போம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இவ்வுண்மை நாடறிய வெளிப்பட்டது. கேரள அரசு, வைத்தியரின் சான்று பெற்றவர்க்கு மது வழங்கலாம் என்று மார்ச் 30ஆம் நாள் ஆணையிட்டது. இந்நோய்க்கு உரியது மருந்தேயன்றி மதுவன்று என்று வைத்தியர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. அந்த வைத்தியர்கள் கூறியதே சரி என்பது நமது கருத்து.

1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இன்றுள்ள மருந்துகள் இல்லை. குளோர்டயசெப்பாக்சைடு என்னும் மாத்திரை 1960இல்தான் விற்பனைக்கு வந்தது. அதுவும் டயசெப்பாம் முதலிய அதன் இனத்து மருந்துகளுமே இன்று இச்சிகிச்சைக்கு அடிப்படை. வைத்தியர் அளவறிந்து தொடங்கி, ஒரு வார காலத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கல்லீரல் கெட்டவர்க்கு லோரசெப்பாம் போன்ற வேறு மருந்தைத் தேர்வார். ஆதலால் அடுத்த வீட்டார் உண்ட மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமே உண்பது கூடாது. அதன்மேல் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

அன்றியும் நெடுநாள் குடித்தவர் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு விளையக் கூடும். உடம்பு தளர்ந்தால் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறோம். மோரும் இளநீரும் கஞ்சியும் நல்லவையே. எனினும் அவை வலிப்பைத் தடுக்க மாட்டா.

வலிப்பு வந்துவிட்டால் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, 108க்குச் சொல்லுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும் வாயில் துணியோ கரண்டியோ வைப்பதாலும் பயனில்லை, தீங்கே உண்டு. கணவர் அறியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கும் தாய்மாருக்கும் ஒரு சொல்: டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருக்கையில் அவர் குடித்தால் உயிருக்கே மோசமாகலாம். அவர் அறிந்து இசையாமல் அதைத் தரவே கூடாது.

குடியை மறக்கச் செய்வதாகச் சொல்லி அடைத்துவைக்கும் விடுதிகளிடமும் எச்சரிக்கை தேவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது அச்சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பதிவையும் வைத்தியர் இருப்பதையும் கேட்டறிந்த பின்னரே சேர்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இச்சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

இனிச் சங்கங்களின் கடமைக்கு வருவோம். நாளை முதல் எவரும் குடிக்கலாகாது, மீறினால் அபராதம் என்று தீர்மானம் போடுவது எளிது. அத்தீர்மானத்திற்கு அஞ்சி ஒருவர் வீட்டில் அடைந்து கிடந்து வலிப்பில் மாண்டால் அவ்வீட்டாருக்கு நாம் என்ன மறுமொழி சொல்வோம்? அபராதத்திற்குப் பதில் மூன்று காரியங்களைச் செய்யலாம் என்போம். முதலாவது, சிகிச்சைக்குச் செல்லும் நெசவாளரின் பாவை இரண்டு வாரம் வரை பிறருக்கு மாற்றாது வைத்திருப்பது. இரண்டாவது, வழிச்செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் சிறு கடன் அளித்து, அதை வீட்டுப் பெண்மணியின் கையில் கொடுப்பது. மூன்றாவது, முன்பு குடியை விட்டு மீண்ட உறுப்பினர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் துணையாக அனுப்புவது.

குடித்துக் கெட்டவனுக்குச் சங்கப் பணமா என்று சிலர் கேட்கலாம். நோயாளியாய்க் கிடப்பவரிடமிருந்து பழைய கடனும் வசூலாகாது, தறியும் ஓடாது, வயலும் விளையாது. அவர் எழுந்து நடந்தாலன்றி அக்குடும்பம் மீளாது. முதல் வாரம் கடந்த பின்னும் நீண்ட வழி உண்டு. மறுபடி தவறுவோரும் உண்டு. அவர்களையும் திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும். ஒருவர் தனித்துச் செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு என்று பெயர். குடியை விடுவதும் அத்தகைய காரியமே என்பதைச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் கருத்தில் கொள்வார்களாக.